கேட்கும், பேசாது

பெரும்பாணாற்றுப்படையில் கலங்களுக்கு வழிகாட்ட உயர்ந்த மாடத்தில் விளக்கேற்றும் பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது, காசிமேட்டு மாணவர் ஒருவர் எழுந்து, "எங்க படகுல வயர்லெஸ் கம்பியையும் அதுக்குத்தான் ஐயா ஒசரத்துல கட்றோம்" என்றார். எந்த உரையாசிரியரும் நமக்குச் சொல்லாத விளக்கம் அது. மீன்பிடித் தடைக்காலத்தில் (இக்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை) அவருடைய தந்தையாரின் விசைப்படகுக்கே போய்ப் பார்த்தோம். படகுகள் சும்மா நிற்கும் அந்த 61 நாள்களில்தான் பழுதுபார்ப்பெல்லாம் நடக்கிறது.

மாணவர் சொன்னது சரியே. விஎச்எஃப் அலை ஏறத்தாழ விளக்கொளி போலவே நேர்கோட்டில் செல்வது. கடலின் வளைவு அதை மறைத்துவிடும். இரண்டு படகுகளிலும் ஆன்டெனா 9 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் வரை பேசலாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் வீசியபோது, நெடுந்தொலைவு சென்றிருந்த படகுகள் பலவற்றுக்கு எச்சரிக்கை எட்டாமற்போனதை நினைத்தால் இந்தக் கணக்கின் கனம் விளங்கும்.

அந்தப் படகின் பெட்டிக்கு விசித்திரமான நோய்: கேட்கும், பேசாது. பழுதுபார்க்க வந்திருந்த முதியவர் பெட்டியைத் தொடவேயில்லை. பேட்டரியிலிருந்து வரும் கம்பியைத்தான் பிடித்துப் பார்த்தார். கேட்பதற்கு ஓர் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம் போதும். 25 வாட்டில் பேசவோ ஐந்தாறு ஆம்பியர் வேண்டும். மெலிந்த கம்பியும் உப்புப் பூத்த முனையும் அதைத் தாங்குமா? பேச்சுப் பொத்தானை அழுத்தியதும் மின்னழுத்தம் விழுந்து பெட்டி அணைந்துவிடுகிறது. தடித்த கம்பி மாற்றி, முனைகளைச் சுரண்டி இறுக்கியதும் பேசியது.

ஆன்டெனா கேபிளின் இணைப்பைக் கழற்றினால் உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. கடற்காற்று புகாதபடி அதன்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைச் சுற்றவேண்டுமாம். டிவி கேபிளை இட்டு ஒப்பேற்றும் வழக்கமும் உண்டு. அது 75 ஓம், இதற்கு வேண்டியதோ 50 ஓம். ஆன்டெனா இணைக்காமல் பேச்சுப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது பெட்டியையே கெடுத்துவிடக்கூடும்.

நம்மை அதிகம் கலக்கியது ஸ்குவெல்ச் என்னும் சிறு திருகுதான். (இரைச்சல்தணிப்பி என்று நாம் பெயர் சூட்டிப் பார்த்தோம், முதியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஸ்குவெல்ச் என்றே தொடர்ந்தார்.) யாரும் பேசாதபோது எழும் 'ஸ்ஸ்' ஓசை தூக்கத்தைக் கெடுக்கிறதென்று பலர் அதைக் கடைசிவரை திருகிவிடுகிறார்கள். இரைச்சல் போகும், அதோடு தொலைவிலிருந்து மெலிந்து வரும் குரலும் போகும். உலகமெங்கும் ஆபத்து அழைப்புக்கென்று வைத்திருக்கும் 16ஆம் அலைவரிசையில், 156.8 மெகாஹெர்ட்ஸில், ஒருவர் உதவி கேட்டுக் கதறினாலும் இந்தப் பெட்டி ஊமையாகவே கிடக்கும். இரைச்சல் அடங்கும் இடம்வரை திருகி, அங்கேயே விட்டுவிடவேண்டும். அதற்குமேல் ஒரு மயிரிழையும் கூடாது.

இப்போது இஸ்ரோ உருவாக்கிய ட்ரான்ஸ்பாண்டர்கள் வந்திருக்கின்றன. ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024இல் தொடங்கப்பட்டது. செயற்கைக்கோள் வழியே செய்தி போவதால் கடலின் வளைவு அதற்குத் தடையில்லை. நல்ல ஏற்பாடு. ஆயினும் பக்கத்துப் படகை உடனே கூவியழைக்க மீனவர் கை இன்னும் விஎச்எஃப் ஒலிவாங்கியைத்தான் தேடுகிறது.

தடை முடியும் நாளுக்கு முன்பே அப்படகு ஒருமுறை துறைமுக வாய்வரை போய், அங்கிருந்து பேசிப் பார்த்தது. கரையில் நின்ற படகில் பெட்டியருகே காத்திருந்தவர் நம் மாணவர். அவருக்குத் தந்தையின் குரல் தெளிவாகக் கேட்டது. முதியவர் அப்போதும் திருகை இன்னும் சற்றுத் தளர்த்தச் சொன்னார்.