இருக்கும்போதே கேட்க

திங்கள்

ஜப்பானிய மின்னணு இசையைத் தேடிப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஹிரோஷி யோஷிமுராவிடம்தான் முதலில் வந்து நிற்கிறார்கள். 1982-இல் வந்த ‘மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்’ அவருடைய முதல் ஆல்பம். ஃபெண்டர் ரோட்ஸ் பியானோவும் ஒரு கீபோர்டும் போதுமாக இருந்தன, பதிவும் வீட்டில்தான். டோக்கியோவின் ஹாரா அருங்காட்சியகத்தில் அந்த இசை ஒலித்தது. ஓவியம் பார்க்க வந்தவர்கள், ‘இது எங்கே கிடைக்கும்?’ என்று விசாரிக்க, சதோஷி ஆஷிகாவா தன்னுடைய சின்ன லேபிளில் அதை இசைத்தட்டாக்கினார். நாலைந்து சுரங்கள் மெதுவாகத் திரும்பத் திரும்ப வரும். ஒன்று அடங்கும்வரை அடுத்தது பொறுத்திருக்கும்.

அமெரிக்க மறுவெளியீடு வந்து உலகம் பரவலாகக் கேட்டது 2017-இல். யோஷிமுரா 2003-இலேயே காலமாகிவிட்டார்.

செவ்வாய்

இன்று முழுக்க ரெய் ஹராகாமி. கியோட்டோவில் இருந்தபடி இவர் நம்பியது ரோலண்ட் எஸ்சி-88 புரோ என்ற ஒலிப்பெட்டியை. 1990-களில் வீட்டுக் கணினியோடு இணைத்துப் பாட்டுப் போட்டுப் பார்த்தவர்கள் பலரிடம் இருந்த கருவி அது. அதே பெட்டியின் அதே ஒலிகளைக் கொண்டு, வேறு யாராலும் வராத ஒன்றை ஹராகாமி செய்தார். ‘ரெட் கர்ப்’ (2001) ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். ஒரு சுரம் வால்பக்கமிருந்து தொடங்கி வீங்கி வந்து சட்டென்று நிற்கும். அதற்குள் இன்னொன்று வலது காதிலிருந்து இடது காதுக்குத் துள்ளும். தாளம் தரையில் கால் பாவாமலே நடக்கும். கருவி மலிவானது என்ற நினைப்பே எழாது.

2011-இல், 40 வயதில், இவரும் போய்விட்டார். மறைந்தவர்களைக் கண்டெடுத்துக் கொண்டாடுவதில் தவறில்லை. ஆனால் இன்று இசையமைப்பவர்களையும் முப்பது ஆண்டுகள் காக்க வைக்க வேண்டுமா என்ன?

வியாழன்

2005-இல் டோமாட் என்ற புனைபெயர்க்காரர், பள்ளிப் பருவத்திலேயே, மால்டீன் ரெக்கார்ட்ஸ் என்ற இணைய லேபிளைத் தொடங்கினார். கடையில்லை, தட்டுமில்லை, எம்பி3 கோப்புகள், அதுவும் இலவசம். கோபேயைச் சேர்ந்த டோஃபுபீட்ஸ், ‘டிஜே நியூடவுன்’ என்ற பெயரில் தன் தொடக்கக் கால ஆக்கங்களை இங்கேதான் வெளியிட்டார்.

கையில் வாங்க விரும்புகிறவர்களுக்கு டோக்கியோவின் எம்3 சந்தை. 1998 முதல் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கிறது. மேசைக்குப் பின்னால் இசையமைத்தவரே உட்கார்ந்து தன் சிடியை விற்கிறார். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு பேண்ட்கேம்ப் இணையதளம் இருக்கிறது: டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 சதவீதம் அதற்கு, பணப்பரிமாற்றக் கட்டணம் போக மீதி, விற்கும் கலைஞருக்கோ லேபிளுக்கோ.

வெள்ளி

ஹிரோஷிமாவின் மெய்டெய். ‘கோஃபூ’ (2020) ஆல்பத்தை வெளியிட்டது ஒரு சிங்கப்பூர் லேபிள். பழைய தட்டின் கரகரப்பு, அறுந்து அறுந்து வரும் பியானோ, துண்டாக்கப்பட்ட குரல். மறைந்துபோன ஜப்பானிய மனநிலையை மீட்பதே நோக்கம் என்கிறார். அதில் ஏக்கத்தைவிடக் குறும்பே அதிகம் கேட்கிறது.

சனி

நகோயாவின் ஃபுட்மேனைக் கடைசிக்கு வைத்தது நல்லதாயிற்று. சிகாகோவின் ஃபுட்வொர்க் நடன இசையில் ஊறியவர் என்றாலும், லண்டனின் ஹைப்பர்டப் லேபிளில் 2021-இல் வந்த ‘யசுராகி லேண்ட்’ ஆல்பத்தில் அடிநாதமான பேஸை ஏறக்குறைய ஒதுக்கியே விட்டார். எஞ்சியவை மரக்கட்டை தட்டுவது போன்ற தாளங்கள், நறுக்கிய கிதார், ஊதல். அவருக்குத் தூண்டுதல் பொதுக் குளியலகங்களும், ‘மிச்சி நோ எகி’ எனப்படும் சாலையோர நிலையங்களும். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளூர்க் காய்கறி வாங்கலாம், நூடுல்ஸ் சாப்பிடலாம், அப்படிப்பட்ட இடங்கள். பாட்டுகளுக்கு ‘பார்க்கிங் ஏரியா’, ‘ஃபுட் கோர்ட்’ என்றே பெயர். தாளம் தப்பப்போகிறது என்று கேட்பவர் நினைக்கிற ஒவ்வொரு முறையும் அது சரியாக வந்து உட்காருகிறது. முழு ஆல்பமும் விலைக்குக் கிடைக்கிறது, அவரும் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறார்.