ஹல்துமுல்லை மலைப்பாதையிலே

பலாங்கொடையைக் கடந்து பதுளை நோக்கி ஏறும் நெடுஞ்சாலையிலே ஹல்துமுல்லை ஒரு சிற்றூர். வலப்புறம் நிலம் சரிந்து சரிந்து தாழ்கிறது. வானம் தெளிந்த நாளில் தொலைவிலே உடவளவை நீர்த்தேக்கம் வெள்ளித் தகடென மின்னும். இடப்புறமோ மலைச்சுவர். எதிரே தெரியும் இடத்தைச் சென்றடைய நாலு வளைவு சுற்றவேண்டும்.

கடைத்தெருவில் இறங்கினோம். தேநீர்க் கடைக்கு அடுத்தபடி கூட்டம் வெற்றிலைக் கடையிலேதான். மழையிலும் குளிரிலும் கொழுந்து பறிப்போருக்கு வெற்றிலையும் புகையிலையுமே துணை. இலங்கை ஆடவரிடையே மிகுதியாய்க் காணும் புற்றுநோய் வாய்ப்புற்று என்றும், புகையிலை சேர்ந்த வெற்றிலை அதற்கு முக்கிய காரணம் என்றும் வைத்தியர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஆயினும் வாய்ப்புண் ஆறாமல் நின்றாலும் வைத்தியரை நாடாதவர் பலர். ஒருநாட் சம்பளத்தை இழந்தல்லவா பஸ் ஏறவேண்டும்!

மறுபடி பஸ் ஏறியபோது பக்கத்தில் அமர்ந்தவர் கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்து இளைஞர். மடியிலே இரசாயனவியல் புத்தகம்.

"பல் வைத்தியராகி நம் ஊரிலேயே ஒரு வைத்தியசாலை திறக்க ஆசை, ஐயா. உயர்தரப் பரீட்சையில் பேராதனைக்குப் புள்ளி போதவில்லை. மறுமுறை எழுதுகிறேன். இடையிலே கடையொன்றில் வேலை."

ஹப்புத்தளைக்கு அப்பாலுள்ள தம்பேதென்னத் தோட்டத்தை நினைவூட்டினோம். 1890இல் இலங்கை வந்து தோட்டங்கள் வாங்கிய தாமஸ் லிப்டன், இளமையில் அமெரிக்காவிலே புகையிலைத் தோட்டத்திலும் மளிகைக் கடையிலும் வேலை செய்து, 1871இல் கிளாஸ்கோவில் சிறு கடை திறந்தவர்தானே?

"அவருக்கு எங்கள் பாட்டன்மார் உழைத்தார்கள், ஐயா. எனக்கு யார்?"

நியாயமான கேள்வி. லிப்டனை விட்டோம்.

கிழக்கு வங்காளத்தில் 1890இல் பிறந்த ரபியுதீன் அகமதுவின் கதை வேறு. அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் 1915இல் பல் வைத்தியப் பட்டம் பெற்ற அவர், தாயகம் திரும்பி 1920இல் கல்கத்தாவிலே இந்தியாவின் முதற் பல் வைத்தியக் கல்லூரியைத் தொடங்கினார். பணத்துக்கு என்ன செய்தார்? 'நியூயார்க் சோடா பவுண்டன்' என்று ஒரு குளிர்பானக் கடை வைத்து, அதன் வருவாயால் கல்லூரியை நடத்தினார். பல்லைக் கெடுக்கும் இனிப்பை விற்றுப் பல்லைக் காக்கும் கல்வி! அங்கே பயின்ற பாத்திமா ஜின்னா, பெண்கள் தனித்துத் தொழில் நடத்துவது அரிதாயிருந்த 1923இலேயே மும்பாயில் சொந்தப் பல் வைத்தியசாலை திறந்தார். அகமதோ 1949இல் கல்லூரியை மேற்கு வங்க அரசுக்கே அளித்துவிட்டார்.

"சோடாக் கடையா, ஐயா?" இளைஞர் வாய்விட்டுச் சிரித்தார்.

பெரகலைச் சந்தியில் பாதை பிரிகிறது. இடப்புறம் ஹப்புத்தளை, வலப்புறம் கொஸ்லந்தை. புத்தகத்தை மழையில் நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு அவர் இறங்கினார்.

"வைத்தியசாலைக்குப் பக்கத்திலே தேநீர்க் கடையும் வைப்பேன், ஐயா!"

"சீனியைக் குறைத்துப் போடுங்கள், தம்பி" என்றோம்.