திருமலாபுரம் குகையில் ஒட்டியிருக்கும் நிறம்

கைவிளக்கை விதானத்துக்கு நேராக நீட்டினேன். புகை படிந்த பாறை மட்டுமே தெரிந்தது.

"அண்ணாச்சி, நேரா அடிக்காதீங்க. ஓரத்துல இருந்து சாய்ச்சுப் புடிச்சுப் பாருங்க" என்றார் காவலர்.

சாய்த்ததும் சுண்ணப்பூச்சின் உடைந்த விளிம்பு மெல்லிய மேடாக எழுந்தது. அதன்மேல் ஒரு காவிக் கோடு. கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் தாமரை இதழ், கொடி வளைவு, அன்னம் போன்ற ஒரு பறவையின் கழுத்து. பழைய ரோமப் பளிங்குச் சிலைகளில் உதிர்ந்த வண்ணத்தைத் தேடுகிற ஆய்வாளர்களும் முதலில் செய்வது இதைத்தான்: விளக்கைப் பக்கவாட்டில் வைத்து மேடு பள்ளம் பார்ப்பது.

திருமலாபுரம் கடையநல்லூருக்கும் புளியங்குடிக்கும் நடுவே இருக்கிறது. சொக்கம்பட்டிப் பக்கம் மலையிறங்கும் கருப்பாநதியின் தண்ணீர் சிற்றாறு வழியாகச் சீவலப்பேரியில் தாமிரபரணியைச் சேர்கிறது. முற்காலப் பாண்டியர் குடைந்த இந்தச் சிவன் கோயிலின் ஓவியங்களை வெளியுலகுக்குச் சொன்னவர் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய். காஞ்சி கைலாசநாதர் கோயிலின் பல்லவ ஓவியங்களை 1931இல் கண்டவரும் அவரே.

விதானத்தில் பூதகணங்களும் வேட்டையாடிய பன்றியைச் சுமந்து வருகிறவனும் இருப்பதாகப் படித்திருந்தேன். தேடிப் பார்க்கத்தான் வேண்டும், அவ்வளவு உதிர்ந்திருக்கிறது. ஆனால் என்னை அதிக நேரம் பிடித்து நிறுத்தியவை தூண்களும் சுவர்ச் சிற்பங்களும்தான். கல்லில் வெட்டியதோடு வேலை முடிந்துவிட்டது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் அதன்மேல் வண்ணமும் தீட்டினார்கள். கருங்கல் வண்ணத்தை உறிஞ்சாது. சுண்ணச்சாந்தை மெல்லிசாகப் பூசி, அதன்மேல்தான் எழுதமுடியும். ஆகவே சாந்து விழுந்தால் நிறமும் சேர்ந்து விழும். காஞ்சி கைலாசநாதரில் மணற்கல் சிற்பங்களின் மீதே இந்தச் சாந்தும் சிவப்பும் மஞ்சளும் இன்னும் ஒட்டியிருக்கின்றன. அதைப் பார்த்த பிறகு, வெறுங்கல்லே பழைய கோயிலின் உண்மையான அழகு என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

ரோமிலும் இதே கதைதான். 1863இல் ரோமுக்கு அருகே பிரிமா போர்ட்டாவில் பேரரசர் அகஸ்டஸின் பளிங்குச் சிலை கிடைத்தபோது அதில் சிவப்பும் நீலமும் தெரிந்தன. இருந்தும், பளிங்கு என்றால் வெள்ளை என்ற எண்ணம் நெடுநாள் அசையவில்லை. இன்று சிலைமேல் சாதாரண ஒளியைப் பாய்ச்சி, அகச்சிவப்பை மட்டும் பதியும் கேமராவில் படமெடுக்கிறார்கள். 'எகிப்திய நீலம்' என்ற பழங்கால நிறமி துகளளவு ஒட்டியிருந்தாலும் படத்தில் வெள்ளையாக ஒளிர்கிறது. காவிக்கு அந்தக் குணம் கிடையாது. அதற்கு வேதியியல் சோதனை வேண்டும். அந்த வேலையை 1930களிலேயே சென்னை அருங்காட்சியகத்தின் எஸ். பரமசிவன் சித்தன்னவாசல், தஞ்சாவூர் ஓவியங்களில் தொடங்கிவிட்டார். சுண்ணாம்பு, கரி, காவி, மஞ்சள் மண் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார். நம் நாட்டில் இந்தத் துறைக்கு அவ்வளவு வயது ஆகிவிட்டது என்பதே பலருக்குத் தெரியாது.

திரும்பும் வழியில் ஒரு கோயிலில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. தூண்களை இரும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கம்ப்ரசர் வைத்து மணலைப் பீய்ச்சிக் கல்லைச் 'சுத்தம்' செய்த காலமும் தமிழ்நாட்டில் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு போகத்தான் அந்தப் பாடு. ஆனால் பிசுக்குக்கு அடியில், காது மடலிலும் அணிகலனின் இடுக்கிலும், பழைய சாந்து கடுகளவு ஒட்டியிருந்தால் முதல் வீச்சிலேயே அது போய்விடும். ஸ்தபதியும் ஒப்பந்தக்காரரும் தண்ணீர்க் குழாயைத் திறக்கும் முன், ஒரு மாலை நேரம், சாய்த்துப் பிடித்த விளக்கோடு மண்டபத்தைச் சுற்றி வந்து, நிறம் தெரிகிற இடத்தையெல்லாம் படமெடுத்துவிட வேண்டும். செலவு ஒரு கைவிளக்கும் ஒரு கேமராவும்தான்.