புதைபடிவக் கடல் நத்தைக்குப் பெயரிடுதல்

புதைபடிவக் கடல் நத்தையை ஆராய்பவருக்குக் கிடைப்பது ஓடு மட்டுமே. தசையோ செவுளோ நாக்கின் பல்வரிசையோ மரபணுவோ பாறையில் எஞ்சுவதில்லை. உயிருள்ள நத்தையின் சிற்றினத்தைப் பிரித்தறிய இவையெல்லாம் துணை நிற்கும்; படிவத்தில் ஓட்டின் வடிவமும் அதன் மேல் ஓடும் வரிகளும்தான் சாட்சி. எனவே புதிய சிற்றினம் என்று அறிவிக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: ஓட்டில் தெரியும் வேறுபாடு சிற்றினத்துக்கே உரியதா, வயதாலும் வாழிடத்தாலும் தேய்மானத்தாலும் வந்ததா? இந்தத் தொழிலில் பெரும்பொழுது இந்த ஒரு கேள்வியிலேயே கழிகிறது.

தென்னிந்தியாவில் இதற்குப் பழம்பெரும் களம் அரியலூர், பெரம்பலூர், திருச்சி வட்டாரத்தின் கிரெட்டேசியஸ் காலப் பாறைகள். கேய், கன்லிஃப் ஆகியோர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் சேகரித்தவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் லண்டனில் விவரித்தார். அதன் பின் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு, இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அதே துறையின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, 1867–68இல் நத்தைகளுக்கென்றே ஒரு தனி நூல் வெளியிட்டார். மொராவியாவில் 1838இல் பிறந்த அவர், 1874இல் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்துபோனார். இன்றும் அரியலூர் நத்தையைக் கையில் எடுப்பவரால் ஸ்டோலிச்காவின் நூலைத் திறக்காமல் ஒரு வரி எழுத இயலாது.

முதலில் பார்க்க வேண்டியது ஓடு எந்த நிலையில் இருக்கிறது என்பது. பெரும்பாலான நத்தை ஓடுகள் அரகோனைட்டால் ஆனவை; ஆளிச் சிப்பிகளின் ஓடு கால்சைட். இரண்டும் கால்சியம் கார்பனேட்தான் என்றாலும் அரகோனைட் எளிதில் கரையும். அதனால் ஒரே பாறைப் படுகையில் சிப்பி முழுதாகக் கிடக்க, பக்கத்திலேயே நத்தை இருந்த இடம் வெறும் குழியாகவும், உள்ளே இறுகிய சேறு உள்வார்ப்பாகவும் நிற்பதுண்டு. உள்வார்ப்பில் வெளிவரிகள் பதிவதில்லை. அதை மட்டும் வைத்துச் சிற்றினம் படைப்பது பெருந்தவறு. பழைய நூல்களில் அப்படிப் பிறந்த பெயர்கள் இன்றும் தொல்லை தருகின்றன. ஓடு கரைந்த குழி கிடைத்தால் அதில் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி வெளிப்பரப்பை மீட்கலாம். கருடமங்கலத்துச் சுண்ணாம்புக் கல்லில் ஓடுகள் கல்லோடு கல்லாக இறுகி, மெருகேற்றினால் பளபளக்கும். ‘திருச்சி மார்பிள்’ என்று பெயர் பெற்றது அந்தக் கல்தான்.

ஊசியாலும் காற்றழுத்த உளியாலும் உருப்பெருக்கியின் கீழ் கல்லை விலக்கிய பின் படமெடுக்கும் வேலை. ஓட்டின் இயல்பான நிறத் திட்டுகள் வரிகளை மறைக்கும் என்பதால் அதன் மேல் நவச்சாரத்தை, அதாவது அம்மோனியம் குளோரைடை, சூடாக்கிப் புகையாகப் படியவிடுவார்கள். வெண்மை மெல்லியதாகப் படிந்து, பக்கவாட்டு ஒளியில் மயிரிழை வரியும் எழுந்து நிற்கும். மும்பை மழைக்காலத்தில் இது பொறுமையைச் சோதிக்கும்; நவச்சாரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, படம் எடுப்பதற்குள் வெண்மை கசிந்துவிடும். படம் முடிந்ததும் கழுவிவிட வேண்டும். விட்டுவைத்தால் ஓட்டை அரிக்கும். நிறமே முக்கியமான இடங்களில் புற ஊதா ஒளி உதவுகிறது. டொமினிக்கன் குடியரசின் கூம்பு நத்தைப் படிவங்களில் கண்ணுக்குத் தெரியாமல் போன நிறக்கோலங்களை அந்த ஒளியில் ஒளிரச் செய்து, 2015இல் ஜோனதன் ஹென்ட்ரிக்ஸ் 13 புதிய சிற்றினங்களை விவரித்தார்.

ஓட்டைப் பிடிக்கும் முறைக்கும் விதி உண்டு. கூர்முனை மேலே, வாய் பார்ப்பவரை நோக்கி. அப்போது வாய் வலப்பக்கம் வந்தால் அது வலச்சுருள். கோயிலில் போற்றும் வலம்புரிச் சங்கு இந்தக் கணக்கில் இடச்சுருள். அதைக் கூர்முனை கீழாகப் பிடித்துப் பார்ப்பதே நம் மரபு. அதன் பின் மேலிருந்து கீழாக வரிசை தவறாமல் எழுத வேண்டும்: லார்வா ஓடு, சுற்றுகள், சுற்றுகள் கூடும் தையல் கோடு, சுருள்வரிகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் நெடுவரிகள், வளர்ச்சிக் கோடுகள், கடைசிச் சுற்று, வாய், வெளியுதடு, நடுத்தூண், வாயின் அடியில் நீளும் கால்வாய். இவற்றுள் மிகச் சிறியதான லார்வா ஓடுதான் மிகப் பெரிய செய்தியைச் சொல்கிறது. பல சுற்றுகளோடு சிறிதாக இருந்தால், குஞ்சு நெடுநாள் கடலில் மிதந்து இரை தேடியது என்று பொருள். ஓரிரு சுற்றுகளோடு பருத்திருந்தால், மிதக்காமல் நேரே தரையில் பிறந்தது. டென்மார்க்கின் குன்னர் தோர்சன் 1950இல் இதை எடுத்துரைத்தார். உடல் ஓடு ஒன்றுபோல் இருந்தும் லார்வா ஓடு மாறினால், சிற்றினம் வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் படிவங்களில் முதலில் உடைந்து போவதும் அந்த நுனிதான்.

வேறுபாட்டை எடைபோடும் கட்டத்தில் மும்பையின் தேவ்நார் உதவிக்கு வருகிறது. இங்கே காலடியில் கடல் படிவம் கிடையாது. தக்காண எரிமலைப் பாறைதான். வொர்லியில் எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு இடையே கிடைத்த புகழ்பெற்ற தவளைப் படிவங்களும் நன்னீர்ப் படிவுகளைச் சேர்ந்தவை. ஆனால் தேவ்நாருக்குக் கிழக்கே தாணேக் கழியின் சேற்று மேடும் அலையாத்திக் காடும் இருக்கின்றன. நீர் வற்றும் நேரத்தில் அங்கே விரல் கணு அளவுள்ள பைரெனெல்லா சிங்குலாட்டா நத்தைகள் கூட்டங்கூட்டமாக ஊர்கின்றன. அலையாத்தி வேர்களுக்கிடையே விரல் நீளம் வளரும் டெலஸ்கோப்பியம் நத்தையும் உண்டு. ஒரே இடத்தில் பைரெனெல்லா ஓடுகளை ஒரு கை நிறைய அள்ளி வரிசையாகப் பரப்பினால், வரிகள் ஆழமானவையும் மழுங்கியவையும், ஒல்லியும் பருமனுமாக எத்தனை வகை! இளசில் வாயின் உதடு மெல்லியதாக இருக்கும். முதிர்ந்ததில் தடித்து வெளியே விரியும். நுனி பலவற்றில் சேற்றின் அமிலத்தால் அரிக்கப்பட்டிருக்கும். நண்டு உடைத்து மீண்டும் வளர்ந்த தழும்பு வரிகளின் ஒழுங்கைக் குலைத்திருக்கும். எல்லாம் ஒரே சிற்றினம்.

அந்த வரிசையைக் கண்ணில் வாங்கியவர், அரியலூரில் கிடைத்த இரண்டு ஓடுகளில் ஒன்று பருமன் என்பதற்காக உடனே பெயர் வைக்க மாட்டார். வேறுபாடு எல்லா அளவு ஓடுகளிலும் தொடர்கிறதா, இடைப்பட்ட வடிவங்கள் இல்லாமல் நடுவே இடைவெளி தெரிகிறதா, ஒன்றுக்கு மேற்பட்ட பண்புகள் சேர்ந்தே மாறுகின்றனவா என்று கேட்பார். சோழிக் குடும்பத்தில் எச்சரிக்கை இன்னும் வேண்டும். இளஞ்சோழிக்கு வாய் அகன்று, சுருள்முனை வெளியே தெரிய, முதிர்ந்த சோழிக்கும் அதற்கும் உறவே இல்லாததுபோல் இருக்கும். இந்தப் பாடங்களைக் கற்றுத்தரும் தாணேக் கழியின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாகவும் 2022இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. பூநாரைக்காகக் காக்கப்படும் அந்தச் சேறு, படிவ ஆய்வாளருக்கும் இழக்கக்கூடாத பாடப்புத்தகம்.

ஒப்பீடு இதோடு முடியாது. ஸ்டோலிச்காவின் கற்பதிவுப் படங்கள் அழகானவை. ஆனால் ஓவியர் உடைந்த உதட்டைச் சில இடங்களில் நிறைவு செய்திருக்கக்கூடும். படத்தை நம்பாமல், கொல்கத்தாவில் உள்ள மூல மாதிரிகளையும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள ஃபோர்ப்ஸின் மாதிரிகளையும் நேரில் காண்பதே முறை.

இத்தனைக்குப் பின்னும் ஐயம் நீங்காவிட்டால், பேரினப் பெயரோடு ‘சிஎஃப்.’ (ஒப்பிடுக) அல்லது ‘அஃப்.’ (நெருங்கியது) என்று குறித்துப் புதுப் பெயரிடாமல் விடுவது கண்ணியமான முடிவு. தேறினால், முதலில் குறுவரையறை எழுதப்படும்: இச்சிற்றினத்தை அதன் நெருங்கிய உறவுகளிலிருந்து பிரிக்கும் பண்புகள் மட்டும். ‘வரிகள் அழகானவை’ என்றால் பயனில்லை. ‘கடைசிச் சுற்றில் 6 சுருள்வரிகள், மேலிருந்து மூன்றாவது மற்றவற்றைப் போல் இருமடங்கு அகலம்’ என்றால் அடுத்தவர் சரிபார்க்கலாம். விரிவான விவரிப்பும், உயரம், அகலம், சுருள்முனைக் கோணம் ஆகிய அளவுகளும், பாறை அடுக்கும், கிடைத்த இடமும் பின்தொடரும்.

பெயர் லத்தீன் இலக்கணத்துக்கு உட்பட்டது. பெயரடை பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். ஆணின் பெயரால் அமைந்தால் இறுதியில் ‘ஐ’ சேரும். சேகரித்த கேயின் பெயரால் ஃபோர்ப்ஸ் ஒரு சோழிக்குச் சைப்ரியா கேயெஐ என்று பெயரிட்டது இவ்வாறே. 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பு, புதிய சிற்றினத்துக்கு மூலமாதிரியை, அதாவது அந்தப் பெயர் எந்த ஓட்டைச் சார்ந்து நிற்கிறதோ அதை, குறிப்பிட்டாக வேண்டும் என்கிறது. அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்றும் சொல்ல வேண்டும். 2012 முதல் இணையத்தில் மட்டும் வரும் இதழ்களும் ஏற்கப்படுகின்றன. ஆனால் அந்த வெளியீடு விலங்குப் பெயர்ப் பதிவேடான ஸூபேங்கில் பதிவாகி, அதற்கான சான்று கட்டுரையிலேயே இருக்க வேண்டும்.

பழைய ஆசிரியர்கள் பல ஓடுகளைக் கொண்டு ஒரு சிற்றினத்தை விவரித்து, எது மூலம் என்று சுட்டாமல் விட்டதுண்டு. அந்தத் தொகுப்பில் இரண்டு சிற்றினங்கள் கலந்திருப்பதைக் காணும் பின்னாள் ஆய்வாளர், அதிலிருந்து ஓர் ஓட்டைத் தேர்ந்து மூலமாதிரியாக அறிவிப்பார். அதன் பின் பழைய பெயர் அந்த ஓட்டோடு மட்டுமே நிலைக்கும். மற்ற சிற்றினத்துக்கு வேறு பெயர் இல்லையென்றால், அது புதிதாக விவரிக்கப்படும்.