நீர்மட்டத்துக்குக் கீழே

உல்லாசக் கப்பலில் முதன்முறையாகச் செல்லவிருந்த சக ஆசிரியர் ஒருவர், அத்தகைய கப்பலொன்றில் உழைக்கும் என் பழைய மாணவனிடம் ஆலோசனை கேட்டார். விடுமுறையில் குண்டசாலைக்கு வந்திருந்த அவன் பொறுமையுடன் விளக்கினான்.

"குமட்டலுக்கு அஞ்சினால், கப்பலின் நடுவே தாழ்ந்த தளத்தில் அறை எடுங்கள், சேர், அங்கே ஆட்டம் குறைவு. உண்ணுமுன் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். வயிற்றோட்டம் விரைந்து பரவும். உயிர்காப்புப் பயிற்சியைத் தவறவிடாதீர்கள். 2012இல் இத்தாலிக் கரையோரம் கொஸ்தா கொன்கோர்தியா விபத்துக்குள்ளாகி 32 பேர் மாண்டனர். அன்று ஏறிய பலருக்கு அப்பயிற்சி அளிக்கப்பட்டிருக்கவில்லை."

"உன் அறை எங்கே?" என்றேன்.

"நீர்மட்டத்துக்குக் கீழே, சேர். யன்னல் இல்லை."

கப்பல் எந்நாட்டுக் கொடியைத் தாங்குகிறதோ அந்நாட்டுச் சட்டமே அங்கு செல்லும்; எனவேதான் முதலாளிகள் பனாமா, பஹாமாஸ் கொடிகளை நாடுகின்றனர். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையோ நாளொன்றுக்கு 14 மணி நேர வேலையைக்கூட அனுமதிக்கிறது. தந்தையின் இறுதிச் சடங்குக்கும் அவனால் வரமுடியவில்லை.

தோட்டத்து லயத்திலிருந்து மீண்டவன் என்று அவனை வகுப்புகளில் உதாரணங் காட்டியவன் நான். லயமும் அவனுடன் கப்பலேறியதை அன்றுதான் உணர்ந்தேன்.

கப்பலேறும் நண்பரே, உமது படுக்கையை விரிப்பவனின் பெயரைக் கேட்டறிவீர். அவனது ஓய்வுக்காகப் போராடும் தொழிற்சங்கத்தின் பக்கம் நிற்பீர்.