பழந்தறியும் புதுமூளையும்

காஞ்சியைக் கோயில் நகர் என்பாரும் உளர். பட்டு நகர் என்பாரும் உளர். அம்மாவட்டத்திற்கு இன்று மூன்றாவது பெயர் ஒன்றும் பொருந்தும். திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகி வருகின்றன. ஆகவே அதனைக் கார் மாவட்டம் எனினும் தவறாகாது. பட்டுத்தறிக்கும் காருக்கும் என்ன உறவு என்று மாணவர்கள் வினவக்கூடும். பழைய உடம்பிற்குப் புதிய மூளையைப் பொருத்தும் வேலையில் இரண்டும் ஒரே பாடத்தையே கற்பிக்கின்றன என்பது யாம் கண்ணால் கண்டறிந்த உண்மை.

முதலில் காரைப் பார்ப்போம். எம் மைத்துனர் காஞ்சியில் கார்ப் பட்டறை நடத்துபவர். பழைய மாருதி 800 ஒன்றின் கார்புரேட்டர் என்ஜினை எடுத்துவிட்டு, பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் பின்னாளைய என்ஜினையும் அதனை ஆளும் சிறு கணிப்பொறியையும் அவர் பொருத்தினார். என்ஜினை இறக்கி ஏற்ற ஒரு நாளே ஆயிற்று. கம்பி இழுப்பதற்கோ ஒரு வாரத்திற்கு மேலாயிற்று. காரணம் எளிது. கார்புரேட்டர் காற்றின் இழுப்பாலேயே பெட்ரோலை அளந்து கொடுத்துவிடும். கணிப்பொறிக்கோ தானாக ஒன்றும் தெரியாது. என்ஜின் எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது, எவ்வளவு காற்று நுழைகிறது, சூடு எவ்வளவு என்பனவற்றை உணர்கருவிகள் கம்பி வழியே சொல்ல வேண்டும். அதன் பின்னரே எவ்வளவு பெட்ரோல் விடுவது, எப்போது பொறியூட்டுவது என்று அது கட்டளையிடும். பழைய காரில் அக்கம்பிகளே இல்லை. ஒவ்வொன்றையும் புதிதாக இழுத்து, உரிய இடத்தில் முடிய வேண்டியிருந்தது.

அக்கம்பிக் கட்டிற்கு ஆங்கிலத்தில் 'லூம்' என்றும் 'ஹார்னெஸ்' என்றும் பெயர் வழங்குகிறது. முன்னது தறியைக் குறிக்கும் சொல். பின்னது ஜக்கார்டுத் தறியில் விழுதுகளைத் தாங்கும் நூற்கட்டினையும் குறிக்கும். காரின் சொல்வழக்கிலேயே தறி ஒளிந்திருக்கிறது!

இனித் தறிக்கு வருவோம். எம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், தம் தந்தையார் தறியில் 'கம்ப்யூட்டர் பெட்டி' வைத்திருப்பதாகக் கூறிப் பிள்ளையார்பாளையத்திலுள்ள தம் இல்லத்திற்கு எம்மை அழைத்துச் சென்றார். குழித்தறி அப்படியே இருந்தது. மேலே அமர்ந்திருந்த ஜக்கார்டுப் பெட்டியில் மட்டும் அட்டைச் சங்கிலியைக் காணோம்.

அட்டை செய்துவந்த வேலையை முதலில் அறிதல் வேண்டும். பிரான்சு நாட்டு லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டளவில் அமைத்த கருவி அது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. ஊசி அட்டைத் துளையில் நுழைந்தால் அதற்குரிய கொக்கி எழும். துளையற்ற இடத்தில் முட்டினால் கொக்கி விலகி நிற்கும். எழும் கொக்கியோடு பாவிழைகள் எழ, அவ்விடைவெளியில் நாடா ஓடும். 240 கொக்கிகள் உள்ள பெட்டியில், 400 ஊடை கொண்ட அன்னக் கரை ஒன்றிற்கு 400 அட்டைகள் வேண்டும். 'துளை உண்டு', 'துளை இல்லை' என்னும் முடிவு 96,000 இடங்களில் எடுக்கப்பட்டிருக்கும். கணிப்பொறிக் கணக்கில் அது 12,000 பைட்டுகளே. ஒரு மூட்டை அட்டை, விரல் நுனியளவு நினைவகத்தில் அடங்கிவிடுகிறது.

இதில் வியப்பு ஒன்றுமில்லை. சார்லஸ் பாபேஜ் 1830களில் தம் பகுப்புப் பொறிக்குத் திட்டமிட்டபோது ஜக்கார்டு அட்டையையே கடன் வாங்கினார். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கும் துளையிட்ட அட்டைகளாலேயே எண்ணப்பட்டது. தறியிடம் பெற்ற கடனைக் கணிப்பொறி இப்போது திருப்பித் தருகிறது எனலாம்.

புதிய பெட்டியில் ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு சிறு மின்காந்தம் உண்டு. மிதியை அழுத்தியதும் அடுத்த ஊடை வந்தது என்பதை உணர்கருவி அறிவிக்கும். எந்தக் கொக்கி எழ வேண்டும் என்பதை நினைவகம் சொல்லும். காரில் கண்டதே இங்கும். எந்தக் கம்பி எந்தக் கொக்கிக்கு என்பதை ஒருவர் அமர்ந்து முடிந்தாக வேண்டும். இரண்டு மாறிவிட்டால் அன்னத்தின் அலகு வாலில் தோன்றும். மூளை எவ்வளவு புதியதாயினும், அதனைப் பழைய உடம்போடு இணைப்பது பொறுமையுள்ள கையே.

அந்தத் தந்தையார் சொன்ன சொல் இன்னும் எம் செவியில் உள்ளது. "அட்டை போகட்டும் ஐயா, மிதி இருக்கணும்" என்றார். மின்காந்தம் கொக்கியைத் தேர்கிறதேயன்றித் தூக்குவதில்லை. பாவைத் தூக்குவது அவர் கால். நாடாவை எறிவது அவர் கை. உடல் ஒரு வண்ணமும் கரை வேறு வண்ணமுமாக இணையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்களும் இரண்டு ஆள்களும் இன்றும் வேண்டும். அவ்விணைப்பைப் பெட்டி செய்து தரவில்லை.

அவர் சொல்லில் வாழ்க்கைச் சிக்கல் ஒன்று அடங்கியிருக்கிறது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் விசைத்தறி அல்லாத தறியையே கைத்தறி என்கிறது. தேர்வு மின்சாரத்தால் நடப்பது ஒன்று. தூக்கலும் எறிதலும் அடித்தலும் மின்சாரத்தால் நடப்பது முற்றிலும் வேறு. சில அமைப்புகளில் மோட்டாரோ காற்றழுத்தமோ தூக்கும் வேலையையும் ஏற்கிறது. முழங்கால் தேய்ந்த முதியவருக்கு அது வரமே. எனினும் எல்லைக்கோடு எங்கே என்பதைத் தறிகாரர் அறிந்திருத்தல் வேண்டும். கோடு கலைந்தால், கையால் நெய்தது என்னும் மதிப்பும் உடன் கலையும்.

இழப்பையும் மறைத்தல் கூடாது. அம்மாணவரின் சித்தப்பா அட்டை அடிப்பவர். கட்டத்தாளைப் பார்த்துத் துளையிடும் அத்தொழிலில் அவருக்கு இப்போது பாதி நாளும் வேலையில்லை. அட்டை கிழிந்தால் அவரே ஒட்டித் தருவார். மின்பலகை பழுதானால் வெளியூரிலிருந்து ஆள் வரும்வரை தறி நிற்கிறது, கூலியும் நிற்கிறது. கட்டத்தாளைப் படிக்கத் தெரிந்த கண், கணிப்பொறித் திரையையும் எளிதிற் படிக்கும். எனவே புதிய பெட்டி வாங்க உதவுவோர், திரையில் உருவமைக்கும் பயிற்சியையும் பழுது நீக்கும் பயிற்சியையும் அட்டை அடிப்பவர்க்கே முதலில் அளிக்க வேண்டும் என்பது எம் கருத்து.

தமிழில் 'நூல்' என்பது இழைக்கும் ஏட்டுக்கும் பொதுப்பெயர். நன்னூலார் நூல் செய்தலை நூல் நூற்றலோடு ஒப்பிட்டபோது, மதியை நூற்கும் கதிராகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் வைத்தார். மதியும் ஒரு கருவியே. அதனைச் சுழற்றுவோர் வேறு. எந்தப் புதுக்கருவி தறிவீட்டின் வாயிலில் வந்து நின்றாலும், மாணவர்களே, ஒரு வினாவை எழுப்புங்கள்: இது தறியின் நினைவை மட்டும் ஏற்கிறதா, தறிகாரரின் இடத்தையே ஏற்கிறதா? முன்னதாயின் வரவேற்போம். பின்னதாயின், அவருக்கு என்ன வழி என்று கேட்டபின் கம்பியை முடிவோம்.