கழுவாத முட்டி

நெல்லியடிச் சந்தியிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் கொஞ்ச தூரத்தில் பனங்கூடல் வந்துவிடும். அங்கே மரமேறும் சீவல் தொழிலாளியின் வேலையை உடலுழைப்பு என்ற ஒரே நிரலில் எழுதி வைத்திருக்கிறோம். கிட்ட நின்று பார்த்தால் அந்தக் கணக்கு பிழை. பாளையை நாரால் வரிந்து கட்டுகிறார், தட்டிப் பதப்படுத்துகிறார், காலையும் மாலையும் நுனியை மெல்லிசாகச் சீவுகிறார். தடிப்பாகச் சீவினால் பாளை விரைவில் முடிந்துபோகும். ஒரு நேரம் விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊறல் குறையும். கருப்பநீர் முட்டியைக் கழுவி உள்ளே சுண்ணாம்பு பூசுகிறார். கள்ளு முட்டியை அப்படித் துப்புரவாகக் கழுவுவதில்லை. அடியில் கொஞ்சம் மண்டி கிடக்க விடுகிறார். ஒரே மரத்துச் சாறுதான். சுண்ணாம்பின் காரம் மதுவத்தையும் பற்றீரியாவையும் அடக்கி இனிப்பைக் காக்கிறது. மண்டியோ நேற்றைய மதுவத்தை இன்றைய சாற்றில் விதைக்கிறது. நுண்ணுயிரை எப்போது வளர விடுவது, எப்போது தடுப்பது என்ற தீர்மானம் இது. ஆய்வுகூடத்தில் இதற்குப் பட்டம் கொடுப்பார்கள்.

மனித ஆர்.என்.ஏ. பொலிமரேஸின் ஓர் உப அலகை ஆய்வுக்காகச் செய்கிற வேலையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். மரபணுவில் உள்ளதை ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கும் நொதியம் அது. எங்கள் கலங்களில் அதன் இரண்டாம் வகைக்கு 12 உப அலகுகள். அவற்றில் 5, மற்ற இரு வகைகளுக்கும் பொது. அந்த ஐந்தில் ஒன்றான ஆர்.பி.பி.8 வெறும் 150 அமினோ அமிலம் நீளமான சிறு புரதம். அதன் மரபணுவை ஈ. கோலை பற்றீரியாவுக்குள் ஏற்றி, 37 பாகையில் ஊட்டக் குழம்பில் வளர்ப்பார்கள். குழம்பு குறிப்பிட்ட அளவு கலங்கியதும் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்துப் புரதம் செய்யத் தூண்டுவார்கள். அதோடு வெப்பத்தையும் பெரும்பாலும் குறைத்துவிடுவார்கள். அவசரப்படுத்தினால் புரதம் ஒழுங்காக மடியாமல் கட்டிபட்டுக் கிடக்கும். பிறகு கலங்களை உடைத்து, புரதத்தின் நுனியில் ஒட்டவைத்த ஹிஸ்டிடின் வாலை நிக்கல் பூசிய மணிகளில் பிடிக்க வைத்து, மற்றதையெல்லாம் கழுவி ஓடவிடுவார்கள். கடைசியில் கிளிசரோல் கலந்து கடுங்குளிரில் வைப்பார்கள். நேரம், வெப்பம், கார அமில நிலை, பாத்திரத்தின் சுத்தம்: பனையடியில் கவனிக்கப்படுவதும் இவைதான். செய்முறைத் தாள் ஒன்றே என்றாலும் ஒரு கைக்குப் புரதம் கரைந்து வரும், இன்னொரு கைக்குக் கட்டிபடும். அந்த வித்தியாசத்துக்குக் கைப்பழக்கம் என்பதைவிட நல்ல பெயர் எனக்குத் தெரியவில்லை.

உறவு இதோடு நிற்கவில்லை. இந்த நொதியத்தின் வடிவத்தை அணு அணுவாகக் காட்டி 2006இல் வேதியியல் நொபெல் பரிசு பெற்ற ரொஜர் கோர்ன்பேர்க் அதைப் பிரித்தெடுத்தது மனிதக் கலத்திலிருந்து அல்ல, சக்கரோமைசிஸ் செரவிசியே என்ற மதுவத்திலிருந்து. கள்ளை நுரைக்க வைப்பதும் முக்கியமாக அதே இனந்தான். 1995இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்த மதுவத்தின் உப அலகுகளை எடுத்துவிட்டு மனிதனுடையவற்றை வைத்தால் அவற்றில் ஆறு அதன் வேலையைச் செய்து அதை உயிரோடு வைத்திருப்பதைக் காட்டியது. மண்டியில் கிடக்கும் உயிருக்கும் தவறணையில் பிளா ஏந்தி இருப்பவருக்கும் உள்ளே ஓடும் பொறி அவ்வளவு நெருக்கம்.

சீவுகிறவருக்கு மூலக்கூறு தெரியாதே என்பார்கள். உண்மை. ஆனால் பெட்டியில் வந்த கரைசல்களை ஒன்று, இரண்டு என்று இலக்கப்படி ஊற்றும் மாணவருக்கும் அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது பல வேளை தெரியாது. அவரை நாங்கள் அறிவாளர் பட்டியலிலிருந்து நீக்குவதில்லை. இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. முட்டியில் இருப்பது பல நுண்ணுயிர்களின் கலவை, மரத்துக்கு மரம் மாறும். ஆய்வுகூடமோ ஒரே விளைவை யாரும் எங்கும் திரும்பப் பெறும்படி எழுதி வைக்கிறது. இதை ஒப்புக்கொள்கிறேன். வித்தியாசம் எழுத்தில்தான் இருக்கிறது, கையிலோ மூளையிலோ இல்லை. எழுதும் வசதியும் உரிமையும் யாரிடம் இருந்தன என்று கேட்டால், யாழ்ப்பாணத்துச் சாதி வரலாறு பதில் சொல்லும். இந்தத் தொழிலைப் புகழ்ந்து அழகு காட்டுவதும் என் நோக்கமல்ல. மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவருக்கு மரியாதைச் சொல் மருந்தாகாது. காப்புறுதியும் நியாயமான விலையும் வேண்டும். பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வராமல் போவதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஆனால் ஏறுகிற கை குறைந்தால் அந்தந்த முட்டியின் மதுவமும் போய்விடும். 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது, கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, திருநெல்வேலியில் பல்கலைக்கழகம் இருக்கிறது. வடமராட்சி முட்டிகளின் மண்டியைச் சேகரித்து, பிரித்து, உறையவைத்து இலக்கமிடுங்கள். அந்தப் பதிவேட்டில் முட்டி கட்டியவரின் பெயருக்கும் ஒரு நிரல் போடுங்கள்.